பத்தாமல் போனால் திட்டு, மிஞ்சினால் கேட்க ஆளில்லை

இந்த வாரக் கடிதம் நீளமானது. ஆள் அடையாளம் தெரியக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

எழுதியிருப்பவர் 38 வயதுப் பெண்மணி. சிங்கப்பூரின் வடக்குப் பக்கம், உணவுத் தொழிற்கூடக் கட்டடம் ஒன்றில் இயங்கும் கேட்டரிங் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாகச் செயல்பாட்டு மேலாளர். மொத்தம் 70 பேர் வேலை செய்கிறார்கள். பலர் வேலை அனுமதி அட்டையில் வந்தவர்கள். 1988இல் தேக்கா வட்டாரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையாகத் தொடங்கியது. தொடங்கிய பெரியவருக்கு இப்போது 71 வயது. காலையில் வந்து சாம்பாரை ருசி பார்த்துவிட்டுப் போவார். நிர்வாகம் மகன் கையில்.

மகன் வந்ததும் சுவரெல்லாம் பச்சைப் போஸ்டர்கள், எல்லாருக்கும் பச்சை டி-சட்டை, ஒரு நாள் பயிலரங்கு. அடுக்களையில் மட்டும் எதுவும் மாறவில்லை. 200 பேருக்கு ஆர்டர் வந்தால் 240 பேருக்கு உலை வைப்பதுதான் அங்கே எழுதாத சட்டம். இரவு பத்தரைக்கு வேன் திரும்பும்போது அரைத் தட்டு பிரியாணியும் தொடாத பச்சடியும் கறுப்புப் பைக்குள் போகின்றன.

இப்போது சிக்கல் வந்திருக்கிறது. அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனம், ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளின் உணவுக் கழிவு எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, பொட்டலப் பொருள் எவ்வளவு என்று கேட்கிறது. இங்கே எதையும் யாரும் எடை போட்டதே இல்லை. மகன் சொன்னாராம்: "30 சதவீதம் குறைத்துவிட்டோம் என்று போடுங்கள் அக்கா. யார் வந்து தராசு வைக்கப்போகிறார்கள்?" நீடித்த நிலைத்தன்மை, அதாவது சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் தொழில் நடத்தும் இலக்குகளோடு இணைந்த குறைந்த வட்டிக் கடனுக்கும் இதே எண்ணை வங்கியிடம் காட்டப்போகிறாராம். படிவத்தின் கடைசியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் இவர் கையெழுத்து.

வாசகி கேட்பது நான்கு. கையெழுத்துப் போடலாமா? போட்டால் மாட்டிக்கொள்வது நானா, முதலாளியா? படிப்பறிவு குறைந்த ஊழியர்களை வைத்துக்கொண்டு இந்த 'நீடித்த நிலைத்தன்மை' எல்லாம் நடக்கிற காரியமா? உப்பிட்டவரை விட்டுப் போவது துரோகம் ஆகாதா? 'தூக்கம் வராத மேலாளர்' என்று கையெழுத்திட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், இன்றைக்காவது கொஞ்சம் தூங்குங்கள். அந்த எண்ணுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் 'போடமாட்டேன்' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லவும் வேண்டியதில்லை. நடுவே ஒரு வழி இருக்கிறது, வருகிறேன்.

அதற்கு முன், உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு சம்பவம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முழுக் கடிதத்தையும் திறந்து காட்டியது. தொண்ணூறுகளில் ஒரு கல்யாணத்தில் மூன்றாம் பந்தியில் சோறு தீர்ந்துபோய், பெண் வீட்டார் எல்லார் முன்னாலும் பெரியவரைப் பேசிவிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரமே அந்தக் கதை சொல்லப்படுகிறது. சொல்லிவிட்டுச் சமையல் மாஸ்டர், "நம்ம வீட்டில் சாப்பாடு பத்தாமல் போனால் மானம் போச்சு" என்பார். நீங்கள் சேர்ந்த ஆண்டிலும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் நிறுவனப் பண்பாடு அந்தக் கதையில் இருக்கிறது. போஸ்டரில் இல்லை. நிறுவனங்களின் பண்பாட்டை ஆராய்ந்த எட்கர் ஷைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதை மூன்று அடுக்காகப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிவது முதல் அடுக்கு. வாயால் சொல்லிக்கொள்வது இரண்டாவது. யாரும் சொல்லாமலே எல்லாரும் நம்புவது அடியில் கிடக்கும் மூன்றாவது. உங்களிடம் பச்சை டி-சட்டை முதல் அடுக்கு, 'பூமியை நேசிப்போம்' இரண்டாவது, 'பத்தாமல் போனால் மானம் போச்சு' மூன்றாவது. முதல் இரண்டும் மூன்றாவதோடு மோதினால் எப்போதும் மூன்றாவதுதான் ஜெயிக்கும். மகன் மாற்றியது மேல் அடுக்குகளை மட்டும்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறவன். புது இடத்துக்குப் போனால் அவர்களுடைய கொள்கை அறிக்கையை நான் கடைசியில்தான் படிப்பேன். முதலில் கேட்பது, "போன மாதம் இங்கே யாருக்கு, எதற்காகத் திட்டு விழுந்தது?" என்பதைத்தான். உங்கள் அடுக்களையில் சோறு குறைந்ததற்குத் திட்டு வாங்கியவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். நாற்பது பேர் சாப்பாட்டைக் கொட்டியதற்குத் திட்டு வாங்கியவர் யாராவது உண்டா? இல்லையென்றால் மாஸ்டர் 240 பேருக்கு உலை வைப்பது முழுக்க முழுக்க புத்திசாலித்தனமான முடிவு. அவர் இடத்தில் நானும் அதையே செய்வேன்.

ஊழியர்களைப் பற்றி நீங்கள் எழுதியது

கோபித்துக்கொள்ளாதீர்கள், இங்கே உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. 'இவர்களுக்கு இதெல்லாம் புரியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் சொந்தமாக நெல் விளைத்துவிட்டு இங்கே வந்து பாத்திரம் கழுவுகிற பையனுக்கு அரிசியின் அருமை, என்னையும் உங்களையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவன் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று அவன் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. வரும்போதே ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் இருக்கிறது. மாஸ்டர் முகம் சுளித்தால்கூட அவனுக்கு அது பெரிய விஷயம்.

சில வருடம் முன்பு வேறோர் அடுக்களையில் நடந்ததைச் சொல்கிறேன். கழிவை எடை போடச் சொல்லி ஒரு தராசும் நோட்டும் வைத்தோம். முதல் வாரம் நோட்டைப் புரட்டினேன்: 5, 5, 10, 5, 10, 5. எல்லாம் அழகான முழு எண்கள். சோறு அப்படி அளவு பார்த்தா மிஞ்சும்? விசாரித்தால், 'அதிகம் வீணாக்குகிறவருக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள்' என்று தராசு வந்த நாளே வதந்தி பரவியிருக்கிறது. தராசைத் தொடாமலே எழுதியிருக்கிறார்கள். நோட்டில் 'பெயர்' என்று நான்தான் ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தேன், என் முட்டாள்தனம். அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு 'என்ன பதார்த்தம்' என்று மாற்றினோம். உரிமையாளர் எல்லார் முன்னாலும் நின்று, "இந்த நோட்டை வைத்து யாருக்கும் ஒரு காசு பிடிக்கமாட்டேன்" என்று சொன்னார். மூன்றாவது வாரம் 13.4, 7.2, 21.8 என்று வர ஆரம்பித்தது. எண்கள் அசிங்கமாக இருந்தன. எனக்கு அப்போதுதான் நிம்மதி.

பயம் இருக்கிற இடத்தில் அளவு பொய்யாகும். இது அடுக்களைக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனம் மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். புகைச் சோதனை நடக்கும்போது மட்டும் சுத்தமாக ஓடுகிற மாதிரி மென்பொருள் வைத்த டீசல் வண்டிகள், உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம். அதே மாதம்தான், சுற்றுச்சூழல் பொறுப்பில் சிறந்த நிறுவனங்களைப் பட்டியலிடும் டௌ ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு கார் நிறுவனங்களில் அதற்கு முதலிடம் கொடுத்திருந்தது. அடுத்த மாதம் நீக்கியது. சில பிரிவுகளில் விதிமீறலைப் பொறுத்துக்கொள்ளும் மனப்போக்கு இருந்தது என்று அந்த நிறுவனமே டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 'இந்த இலக்கு நடக்காது சார்' என்று மேலே போய்ச் சொல்ல முடியாத இடத்தில் பொறியாளர்கூட 5, 10 என்றுதான் எழுதுவார்.

உங்கள் சின்ன முதலாளி கேட்கும் 30 சதவீதமும் அதே ஜாதி எண்.

கையெழுத்தும் சட்டமும்

நான் வழக்கறிஞன் இல்லை. ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் வழக்கறிஞர்களோடு உட்கார்ந்து பழக்கம் உண்டு. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் தாள்களை எடுத்துக்கொண்டு ஒருவரை நேரில் பாருங்கள். சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு முன்பதிவு செய்து போகலாம்.

'முதலாளி சொன்னார், நான் எழுதினேன்' என்பது நல்ல கவசம் என்று நினைக்கிறீர்கள். ஆகாது. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 477A பிரிவு, ஏமாற்றும் நோக்கத்தோடு நிறுவனத்தின் பதிவுகளையோ கணக்குகளையோ பொய்யாக்கும் ஊழியரைப் பற்றியே பேசுகிறது. எழுத்தர், அலுவலர், பணியாளர் எல்லாரும் அதில் அடக்கம். அதிகபட்சம் பத்தாண்டுச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உங்கள் படிவம் அதில் வருமா என்பது நோக்கத்தையும் சூழ்நிலையையும் பொறுத்தது. ஆனால் அந்த எண்ணைக் காட்டி வங்கியிடம் வட்டி குறைக்கப்போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், அதை எனக்கு எழுதியும் விட்டீர்கள். 'எனக்குத் தெரியாது' என்று இனிமேல் சொல்வது கஷ்டம். வாடிக்கையாளருக்கு அனுப்பும் படிவத்தைவிட வங்கிக்குப் போகிற தாள்தான் எனக்கு அதிக பயம் தருகிறது.

அடுத்து, 'புகார் கொடுத்தால் சட்டம் என்னைக் காக்கும்' என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு உறுதியாக நம்பாதீர்கள். எந்த முறைகேட்டை யார் வெளியே சொன்னாலும் காக்கும் ஒரு பொதுச் சட்டம் இங்கே இல்லை. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் பழிவாங்கலைத் தடுக்க வகை செய்கிறது, உண்மைதான். ஆனால் அது பாகுபாடு தொடர்பான குறைகளுக்கானது. சாப்பாட்டுக் கழிவுக் கணக்குக்கு அதைப் பிடித்துக்கொள்ள முடியாது.

உங்களுக்கு இருக்கிற உறுதியான பாதுகாப்பு வேலைநியமனச் சட்டத்தில் இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து மேலாளர்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். தகுந்த காரணமில்லாமல் நீக்கினாலோ, கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்கினாலோ, வேலையின் கடைசி நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் சர்ச்சை நிர்வாக முத்தரப்புக் கூட்டணியில் முறையிடலாம். முன்னறிவிப்பு கொடுத்து நீக்கியிருந்தால் மேலாளர்களுக்குக் குறைந்தது ஆறு மாதச் சேவை வேண்டும். உங்களுக்கு ஆறு வருடம் இருக்கிறது. அந்த ஒரு மாதக் கெடுவை மட்டும் மறக்காதீர்கள். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாம் என்று விட்டு இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. பயத்தில் அலுவலகக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைக்காதீர்கள். அதுவே உங்கள்மேல் குற்றச்சாட்டாகத் திரும்பும். எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார் என்று உங்கள் சொந்த டைரியில் எழுதி வைத்தால் போதும்.

படிவத்தில் என்ன எழுதலாம்

சரி, நடுவழிக்கு வருவோம். இந்தப் படிவங்களை அனுப்புகிறவர்கள் எல்லாரிடமும் எண் இருக்கும் என்று எதிர்பார்ப்பதில்லை. அவர்கள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2025 நிதியாண்டிலிருந்து பருவநிலை அறிக்கை தர ஆரம்பிக்கின்றன. போகப்போக, அவற்றில் பெரியவை தமக்குப் பொருள் வழங்குவோரின் கரியமிலவாயு உமிழ்வையும் கணக்கில் சேர்க்க வேண்டிவரும். 'அதைத்தான் அரசாங்கமே தள்ளிவைத்துவிட்டதே' என்று சின்ன முதலாளி சொல்லக்கூடும். 2025 ஆகஸ்டில் பட்டியலிடப்பட்டவற்றில் சிறிய நிறுவனங்களுக்கும் பட்டியலிடப்படாத பெரிய நிறுவனங்களுக்கும் அவகாசம் நீட்டப்பட்டது உண்மை. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டில் இருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. அதோடு, உங்களிடம் கேட்பது சட்டமே இல்லை, வாடிக்கையாளர். அவர் தேதியை யாரும் தள்ளிவைக்கவில்லை.

அதனால் உண்மையை எழுதுங்கள். உண்மையிலும் சொல்ல நிறைய இருக்கிறது. மின்சாரக் கட்டணச் சீட்டுகள் இரண்டு வருடத்துக்கும் கணக்குப் பிரிவில் இருக்கும். மாதம் ஏறக்குறைய 30,000 யூனிட் என்று எழுதியிருந்தீர்கள். சிங்கப்பூரில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமிலவாயு என்று பிடித்தால் மாதம் 12 டன், வருடம் 144 டன். இதற்கு ஆலோசகர் யாரும் வேண்டாம், கால்குலேட்டர் போதும். பொட்டலப் பொருளுக்கு வாங்கிய ரசீதுகள் இருக்கின்றன. உணவுக் கழிவு கட்டத்தில் மட்டும் கீழே இருப்பதுபோல எழுதலாம்:

'கடந்த ஆண்டுகளில் உணவுக் கழிவு எடை போடப்படவில்லை. இந்த மாதம் முதல் தினமும் பதார்த்தவாரியாக எடை போடுகிறோம். மூன்று மாத அளவுகளை அடிப்படையாக வைத்துக் குறைப்பு இலக்கை அறிவிப்போம்.'

மூன்றே வரி. படிக்கிற கொள்முதல் அதிகாரிக்கு இது புதிதல்ல. அவருக்கு வருகிற பத்துப் படிவத்தில் பாதி இப்படித்தான் இருக்கும். ஆதாரமில்லாத 30 சதவீதத்தைப் பார்த்தால்தான் 'எப்படிக் கணக்கிட்டீர்கள்?' என்று அடுத்த கேள்வி வரும். அப்போது யார் பதில் சொல்வது?

சின்ன முதலாளியிடம் இதை எப்படிக் கொண்டுபோவது? 'நீங்கள் செய்வது தப்பு' என்று ஆரம்பிக்காதீர்கள். "தம்பி, இந்த எண்ணை அவர்கள் தோண்டிக் கேட்டால் காட்ட நம்மிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. ஒப்பந்தம் போய்விடும். நான் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன், பாருங்கள்" என்று எழுதிய படிவத்தையே முன்னால் வையுங்கள். அப்புறம் அதையே சுருக்கமாக மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். அவர் கெட்ட மனிதராக எனக்குத் தோன்றவில்லை. அப்பாவின் நிழலில் வந்து, சீக்கிரம் ஏதாவது செய்து காட்டவேண்டும் என்ற அவசரம். அவருக்கும் ஒரு பயம் இருக்கிறது. அவரும் முழு எண் எழுதுகிறார், அவ்வளவுதான்.

காசுக் கணக்கு

'சுற்றுச்சூழல் என்றாலே செலவு, எங்களைப் போன்ற சின்ன இடத்துக்குக் கட்டாது' என்றும் எழுதியிருந்தீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமே.

கரியமிலவாயு வெளியிடுவதற்குச் சிங்கப்பூரில் விதிக்கும் கரிம வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கியது. 2024இல் 25 ஆனது, 2026இலும் 2027இலும் 45. ஆண்டுக்கு 25,000 டன்னோ அதற்கு மேலோ வெளியிடும் ஆலைகள்தான் அதை நேரடியாகக் கட்டுகின்றன. உங்கள் 144 டன் அதன் பக்கத்தில்கூட இல்லை. மின்சாரக் கட்டணம் வழியாக முழுவதும் உங்கள் தலையில் வந்தாலும் ஆண்டுக்கு 6,480 வெள்ளி, மாதம் 540.

இப்போது அந்த நாற்பது பேர் சாப்பாடு. ஒரு தலைக்கு அரிசி, கறி, எண்ணெய் எல்லாம் சேர்த்து 2 வெள்ளி 50 காசு என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். நாளைக்கு 100 வெள்ளி. மாதம் 26 நாளுக்கு 2,600. வருடத்தில் 31,200. வெட்டுகிறவர் கூலி, கேஸ், தொட்டி எடுக்க வரும் லாரிக்குக் கொடுப்பது எதுவும் இதில் இல்லை. இந்த ஒரே கணக்கைப் பெரியவரிடம் காட்டுங்கள். பச்சை டி-சட்டைக்கு அசையாதவர் இதற்கு அசைவார்.

மீதிச் சோறு இங்கே எங்கே போகிறது என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் எரிக்கப்பட்டு, சாம்பல் செமாக்கா குப்பை நிரப்புநிலத்துக்குப் போகிறது. 1999இல் திறந்த அந்த நிரப்புநிலம் ஒன்றுதான் நம்மிடம் இருக்கிறது. 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. அதைத் தள்ளிப்போடத்தான் நாளொன்றுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று அங்கே போகும் குப்பையை 2030க்குள் 30 சதவீதம் குறைக்க இலக்கு வைத்திருக்கிறார்கள். சின்ன முதலாளிக்கு அந்த 30 எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மிஞ்சியதைத் தானம் செய்யலாமே என்று நீங்கள் கேட்டதற்கு: செய்யலாம், ஆனால் எல்லாவற்றையும் முடியாது. நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவருக்குப் பொறுப்பிலிருந்து பாதுகாப்புத் தரும் சட்டத்தை 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கொடுக்கும்போது உணவு கெட்டுப்போயிருக்கக் கூடாது, எப்படி வைக்கவேண்டும், எப்போதுக்குள் சாப்பிடவேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும், சுகாதார விதிகளைப் பின்பற்றியிருக்க வேண்டும். பஃபேயில் பல மணி நேரம் திறந்து கிடந்த தட்டு இதற்குத் தேறாது. அடுக்களையை விட்டு வெளியே போகாத, மூடி வைத்த உணவு தேறலாம். ஆனால் தானம் கொடுக்கிறோம் என்ற நிம்மதியில் 240 பேருக்கு உலை வைப்பதைத் தொடரவிட்டுவிடாதீர்கள். சில இடங்களில் அப்படித்தான் ஆகிறது.

பெரியவரின் பால் டின்

மூன்றாவது அடுக்கை எப்படித் தொடுவது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. 'பெரியவர் இன்னும் அந்தப் பழைய பால் டின்னை அலமாரியில் வைத்திருக்கிறார், தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறார்' என்று சலித்துக்கொண்டு எழுதியிருந்தீர்கள். தேக்கா கடையில் அரிசி அளந்த டின் அது. ஒரு டின்னுக்கு எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று விரல் நுனியில் வைத்திருந்த மனிதர் அவர். ஒரு படி அரிசி வீணானால் அன்றைய லாபம் போச்சு என்ற நிலைமையில் கடை நடத்தியவர். அளந்து போடுவதும் இந்த நிறுவனத்தின் பண்பாடுதான். கல்யாணக் கதை அதை மூடிவிட்டது.

அதனால் அந்தக் கதையோடு சண்டை போடாதீர்கள். 'பத்தாமல் போனால் மானம் போச்சு' என்பதை யாரும் விடமாட்டார்கள், விடவும் வேண்டாம். அந்தப் பயத்துக்கு வேறு வழியில் காப்புக் கொடுங்கள். உங்கள் மாஸ்டர் நாற்பது பேருக்கு அதிகம் போடுவது காப்பீடு மாதிரி. அதற்குப் பதில், அரிசியை ஊறவைத்துத் தயாராக வைத்திருந்து, பந்தி பாதியாகும்போது இடத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் மட்டும் உலை ஏற்றலாம். ஊறிய அரிசி அன்றைக்கு வேகாவிட்டால் அரைத்து மாவாகும். வெந்த சோறு கறுப்புப் பைக்குத்தான் போகும். தூரமான மண்டபங்களுக்கு இது சரிப்படாது, அங்கே பத்து சதவீதம் கூடுதலாகப் போடட்டும். எந்த மண்டபத்துக்கு எது என்று மாஸ்டரே முடிவு செய்யட்டும். நீங்களோ நானோ சொன்னால் எடுபடாது.

முதல் தடவை எங்கேயாவது கொஞ்சம் குறையும். கண்டிப்பாகக் குறையும். அன்றைக்குப் பெரியவர் என்ன சொல்கிறார் என்பதை எழுபது பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்று மாஸ்டருக்குத் திட்டு விழுந்தால் மறுநாளே 240க்குத் திரும்பிவிடும், தராசும் அலங்காரப் பொருளாகிவிடும். ஆகவே ஆரம்பிக்கும் முன்பே பெரியவரிடம் தனியாக உட்கார்ந்து, "அப்பா, முதல் தடவை குறைந்தால் நீங்கள் மாஸ்டரைப் பேசக் கூடாது, வாடிக்கையாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்று வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வேலையை விடுவதா

உப்பிட்டவரை நினைப்பது நல்ல குணம். ஆனால் உங்களுக்கு உப்பிட்டவர் பெரியவர். பொய் எண்ணில் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு வங்கிக்காரர் வாசலில் நின்றால் முதலில் உடைந்து போவதும் அவர்தான். போட மறுப்பதில் துரோகம் எதுவும் இல்லை.

இப்போதைக்கு விடவேண்டாம் என்றே எனக்குப் படுகிறது. உண்மைப் படிவத்தைக் கொடுத்துப் பாருங்கள். சின்ன முதலாளி முணுமுணுத்துக்கொண்டாவது ஏற்றுக்கொண்டால் உங்களுக்கு அங்கே நிறைய வேலை காத்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் எண்ணை மாற்றி, உங்கள் பெயரிலேயே அனுப்பினார் என்று தெரிந்தால் கதை வேறு. அன்றைக்கே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள், வழக்கறிஞரைப் பாருங்கள், வேறு வேலையும் தேட ஆரம்பியுங்கள். உங்கள் அனுபவத்துக்கு இந்த ஊரில் வேலை கிடைக்கும். நடுவே ஒரு நிலைமையும் வரலாம்: படிவத்தை உண்மையாக அனுப்பிவிட்டு வங்கிக்கு மட்டும் வேறு எண்ணைக் காட்டுவது. அந்தத் தாளில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டாலும், தெரிந்த பிறகு பேசாமல் இருப்பது உங்களால் முடிகிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. முடிகிறவராக இருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

படிவத்துக்குக் கெடு 17ஆம் தேதி என்று எழுதியிருந்தீர்கள். அதற்குள் மூன்று வேலை முடிந்தால் போதும்: பெரியவரிடம் வாக்கு, மின்கட்டணக் கூட்டல், ஒரு தராசு. தராசை அலுவலக வாசலில் வைக்காதீர்கள், கண்காணிப்பு மாதிரி ஆகிவிடும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே, இரவு பத்தரைக்கு வேன் சாமான் இறங்கும் வழியில் இருக்கட்டும். அங்கே எந்த மூலை ஈரம் படாமல் இருக்கும் என்று பாத்திரம் கழுவுகிற அந்தப் பையனையே கேளுங்கள்.